வாத்துப் பெல்ட்

என் மகளுக்கு எட்டு மாதம் ஆகும்வரை நான் அவளைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நடந்ததில்லை. பெற்றது நான், பால் கொடுத்தது நான், இரவெல்லாம் முழித்துக்கிடந்தது நான். தூக்கியது மட்டும் எங்கள் ஊர் பலாபத்வலையில் இருந்த மற்ற எல்லாரும்.

காரணம் என் கைகள். இடது கை பழைய கேஸ். பத்து வயதில் மிளகு பறிக்க ஏணியில் ஏறி, ஏணியோடு சேர்ந்தே கீழே வந்தேன். உடைந்த முழங்கை கூடியதே தவிர, அதற்குப் பிறகு நீளவே மாட்டேன் என்று மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கையில் பலமும் இல்லை. எப்போது பார்த்தாலும் எதையோ அணைத்து வைத்திருப்பவள் போலத்தான் நிற்பேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "என்னாடி ஒளிச்சு வச்சிருக்க, காட்டு" என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார்கள்.

வலது கை புதிய கேஸ். மகள் பிறந்து இரண்டாம் மாதம் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டு வீங்கி, ஒரு கோப்பை தேத்தண்ணியைத் தூக்கினாலே கண்ணில் தண்ணீர் வந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு இது வருவதுதான் என்று டாக்டர் மட்டை வைத்துக் கட்டிவிட்டார். சில மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாதாம். "பிள்ளையை?" என்று கேட்டேன். "பிள்ளையும் பாரம்தானே" என்றார். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகவே, மகளை யாராவது தூக்கி என் மடியில் வைப்பார்கள், யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். அவளுக்கோ எல்லார் இடுப்பும் சம்மதம். யார் கையை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே தாவுவாள். "நல்ல புள்ள, யாருகிட்டயும் போகுது பாருங்க" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் மெச்சுவார்கள். போகும்போது ஒரு தடவையாவது திரும்பி என்னைப் பார்ப்பாளா என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்க்கமாட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஊரில் இருந்த அத்தனை இடுப்புகள் மேலும் பொறாமை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

இதில் மாதம் ஒருமுறை கிளினிக் வேறு. மாத்தளை டவுனுக்கு பஸ்ஸில் போகவேண்டும். சண்டை கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அலுவிகாரைக்குக் கொஞ்சம் முந்தி ஒரு செக் பொயின்ட் இருந்தது. பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். பையும் பிள்ளையுமாக வரிசையில் நடந்து, சோதனை கொடுத்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறவேண்டும். ஐம்பது யார் தூரம் இருக்கும். அந்த ஐம்பது யாருக்குப் பிள்ளையைத் தூக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். ஒரு மாதம் ஆள் கிடைக்கவில்லை, நான் போகவில்லை, ஊசி தள்ளிப்போய்விட்டது. அடுத்த மாதம் கிளினிக்கில் நர்ஸ் மிஸ் எல்லார் முன்னாலும் வைத்து ஏசினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, என்ன ஆனாலும் சரி, இவளை நானே தூக்கிக்கொண்டு அந்த ஐம்பது யாரையும் நடந்து காட்டவேண்டும் என்று முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

எப்படி என்று சொன்னது பக்கத்து வீட்டு ராத்தா. எங்கள் ஊர் முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும்தான் கூப்பிடுவார்கள். அவர் ஒன்பது வருஷம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு அப்போதுதான் நிரந்தரமாக ஊருக்கு வந்திருந்தார். என் மகளை அதிகம் தூக்கியவரும் அவர்தான். என் பொறாமைப் பட்டியலில் முதல் இடுப்பு அவருடையது.

"இடுப்புல கட்டுற பெல்ட் ஒண்டு ஈக்கி புள்ள" என்றார். "முன்னுக்கு ஒரு சின்னத் தட்டு மாதிரி தள்ளிக்கிட்டு ஈக்கும். அதுல புள்ளைய ஒக்கார வச்சா பாரமெல்லாம் ஒன்ட இடுப்புக்கு. கைக்கு வேல பிடிக்கிறது மட்டும்தான். மேடம்ட மூணு புள்ளையையும் நான் அதுலதான் வளத்தேன்."

"எட்டு மாசப் புள்ளைய வைக்கலாமா?"

"கழுத்து நிக்கணும், தானா ஒக்காரணும். அது ரெண்டும் இல்லாட்டி வைக்கவே ஏலாது. இவதான் ராணி மாதிரி ஒக்காந்து ஈக்காளே."

ராணி பாயில் உட்கார்ந்து என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே மாத்தளைக்குப் போனோம். பிள்ளை வழக்கம்போல ராத்தாவின் இடுப்பில். டவுனில் வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த சாமான்களை விற்கும் கடை ஒன்று இருந்தது. மூன்று சில்லுத் தள்ளுவண்டி, ஒற்றைக் காலணி, காது போன கரடிப் பொம்மை என்று எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். கடைக்கார நானாவுக்கு நாங்கள் கேட்டது விளங்கவில்லை. ராத்தா மேலே அண்ணாந்து பார்த்து, "அந்தா தொங்குதே" என்றார். "அது முதுகு வலிக்குக் கட்டுறது" என்றார் நானா. அவர் அப்படிச் சொல்லித்தான் இரண்டை ஏற்கெனவே வயசாளிகளுக்கு விற்றிருந்தாராம். முதுகு வலிக்காரர்கள் அந்தத் தட்டில் எதை வைத்துக்கொண்டு நடந்தார்களோ தெரியாது.

மூன்று இருந்தன. சாம்பல் நிறம் ஒன்று, கறுப்பு ஒன்று, ரோஸ் நிறத்தில் மஞ்சள் வாத்துகள் போட்டது ஒன்று. ராத்தா முதலில் சாம்பலை எடுத்து ஒட்டுப்பட்டியைப் பிரித்தார். அது சர்ரென்றே சொல்லவில்லை, சோம்பலாகக் கழன்றது. உள்ளே யாருடையதோ தலைமயிர், கம்பளி நூல், பஞ்சு எல்லாம் அப்பிக்கிடந்தது. "இது பிடிக்காது" என்று தூக்கிப்போட்டார். மற்ற இரண்டிலும் ஒட்டுப்பட்டி நன்றாக இருந்தது. அதற்கு மேலே போடுகிற பிளாஸ்டிக் கொக்கியும் டக்கென்று பூட்டியது. தட்டை முழங்கையால் அமுக்கு அமுக்கென்று அமுக்கினார், அது தாழவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கட்டிப் பார்த்து, பட்டி என் இடுப்புக்குப் போதுமா என்றும் பார்த்தார். போதும், ஆனால் அதிகமில்லை. பிள்ளை பெற்ற இடுப்பல்லவா.

எனக்குக் கறுப்புதான் பிடித்தது. அழுக்குத் தெரியாது, எந்த உடுப்புக்கும் பொருந்தும். அதோடு எனக்கு வாத்தைக் கட்டிக்கொண்டு ரோட்டில் போகிற வயதும் இல்லை. அதைச் சொன்னதும் ராத்தா என்னை ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஒனக்கு மூளை ஈக்கா? ஒரு பொம்புள, இடுப்புல கறுப்பு பெல்ட், முன்னுக்குப் பொட்டி மாதிரி ஒண்டு. அப்புடியே செக் பொயின்ட்ல போய் எறங்கப் போற. அவன் புள்ளைய முந்திப் பாப்பானா, பெல்ட்ட முந்திப் பாப்பானா?"

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இடுப்பில் குண்டு கட்டியவர்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் இடுப்பில் எதையாவது கட்டிக்கொண்டு நடமாடுவது எங்களுக்கு விளையாட்டுக் காரியம் இல்லை. மற்ற நாட்டுத் தாய்மார் பட்டி எத்தனை அகலம், துணி காற்று விடுமா என்று பார்த்து வாங்குவார்களாக இருக்கும். நாங்கள் அதை ஒரு சிப்பாய் தூரத்திலிருந்து பார்த்தால் என்னவாகத் தெரியும் என்றும் பார்த்து வாங்கவேண்டியிருந்தது.

ராத்தா அதையும் சும்மா வாய்ப்பேச்சில் விடவில்லை. பிள்ளையோடு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். நானாவிடம் வாத்துப் பெல்ட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பஸ், லொறி எல்லாம் நடுவில் போய்க்கொண்டிருந்தன. "தெரியுது!" என்று அங்கிருந்து கத்தினார். "வாத்துன்னு தெரியுது! சொண்டும் தெரியுது!" ரோட்டில் போன பாதிப் பேர் நின்று பார்த்தார்கள். நானா பாவம், வெட்கத்தில் பெல்ட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். வாத்தையே வாங்கினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வந்தார். என் கணவரின் அக்கா. எல்கடுவ பக்கம் தோட்டமொன்றில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கொழுந்து பறிக்கிறவர். வரும்போது ஒரு பழுத்த பலாப்பழத்தையும் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் பலாப்பழத்துக்கா பஞ்சம்? ஆனால் தோட்டத்துப் பழம் தனி ருசி என்பது அவர் கட்சி. பழத்தை இறக்கிவைத்துவிட்டு வாத்துப் பெல்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதுலயா என் மருமகள வைக்கப் போற?"

விளக்கினேன். ராத்தா அன்று ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்ததால் நான் மட்டும்தான் விளக்கவேண்டியிருந்தது. நாத்தனார் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பாரத்த இடுப்புல ஏத்துறதாவது! நாங்க இருவது கிலோ கொழுந்த முதுகுல போட்டு, கயித்தத் தலையில மாட்டி மலையேறுறோம். இடுப்புல கட்டுறது படங்குத் துணி மட்டும்தான், அதுவும் செடி கிழிக்காம இருக்க. எதுக்கும் புள்ளைய வைக்க முந்தி வேற எதையாச்சும் வச்சுப் பாத்துருவோம்."

இதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. நல்ல யோசனைதான். என் கணவர் வேலை செய்த பலசரக்குக் கிடங்கு இரண்டு வீடு தள்ளித்தான். அவர் போய் அங்கிருந்து கொக்கித் தராசைக் கொண்டுவந்தார். மகளைச் சேலைத்துணியில் முடிந்து மாட்டினோம். எட்டு கிலோவும் கொஞ்சமும். அவள் ஆடிக்கொண்டே சிரித்தாள். பிறகு பலாப்பழத்தை மாட்டினோம். ஒன்பது. "கூடத்தான் இருக்கட்டும், வளர்ற புள்ளதானே" என்றார் நாத்தனார். பழத்துக்கு மகளுடைய தொப்பியையும் போட்டுவிட்டார். என் மகளுக்கும் அதற்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, முள்ளைத் தவிர.

நாத்தனார்தான் கட்டிக்கொண்டார். தட்டு முன்னுக்கு வரவேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, "பாரம் பின்னுக்குத்தான் நிக்கும், ஒனக்கு என்னா தெரியும்" என்று திருப்பி முதுகுப் பக்கமாகக் கட்டினார். என் கணவர் பழத்தைத் தட்டில் ஏற்றினார். அது நிற்கவேண்டுமே! நாத்தனார் கயிறு ஒன்றை எடுத்துப் பழத்தைச் சுற்றி, மறு முனையைத் தலையில் மாட்டிக்கொண்டார். கூடை ரெடி. முன்னுக்குக் குனிந்து முற்றத்தைச் சுற்றி ஒரு நடை போட்டார். பழம் அசையவில்லை. செம்பருத்தி வேலியிடம் போய் இரண்டு கையாலும் மடமடவென்று கொழுந்து கிள்ளிக் காட்டினார்.

"பாத்தியா! ரெண்டு கையும் சும்மா கெடக்கு!"

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு கையும் சும்மா கிடக்க ஒரு பிள்ளையைத் தூக்குவதென்றால், கையே இல்லாதவள் மாதிரிக் கிடந்த எனக்கு வேறென்ன வேண்டும்?

அந்த நேரம் பார்த்து ஒரு கோழி குறுக்கே ஓடியது. நாத்தனார் அதை விரட்ட ஒரு பக்கமாகத் திரும்பினார். கயிறு தலையிலிருந்து நழுவியது. ஒன்பது கிலோ பழம் துணி துவைக்கும் கல்லில் போய் விழுந்து இரண்டாகப் பிளந்தது. தொப்பி ஒரு பாதியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

பாயில் இருந்த மகள் மட்டும் கை தட்டினாள்.

பிறகு அந்த மணம் வந்தது பாருங்கள், தேன் மாதிரி. என்ன செய்வது? கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நாலு பேரும் உட்கார்ந்து தின்னத் தொடங்கினோம். நாலாவது ஆள் மகள்தான், ஒரு சுளையைக் கொடுத்தால் சப்பிக்கொண்டு கிடந்தாள். பெல்ட்டிலும் பலாப்பால் பட்டிருந்தது. ஒரு வாத்தின் மூஞ்சியில் பிசுக்கென்று ஒட்டிக்கொண்ட அந்தப் பால் கடைசிவரை போகவேயில்லை.

தின்றுகொண்டே என் கணவர், "இது போதும். இந்தச் சாமான் வேணாம். புள்ளைய நாங்க தூக்கிக்கிறோம்" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த 'நாங்க' எனக்குப் பொறுக்கவில்லை. "நாங்கன்னா யாரு? அப்ப நான் யாரு?" என்று கேட்டுவிட்டு, கையில் இருந்த சுளையை எறிந்துவிட்டு உள்ளே போய் அழுதேன். நன்றாக, சத்தமாக அழுதேன். எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்ததில் அதுவும் எரிந்தது.

பொழுது சாயும் நேரம் ராத்தா கலியாண வீட்டிலிருந்து வந்தார். முற்றத்தில் கிடந்த பலாச் சடையையும் கொட்டையையும் தொப்பியையும் பார்த்தார். நடந்ததைக் கேட்டதும் சிரித்துச் சிரித்து அந்தத் துவைகல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டுப் பெல்ட்டை எடுத்துத் தன் இடுப்பில் கட்டினார். தட்டு முன்னுக்குச் சற்று ஓரமாக வந்தது. என் மகளை அதில் உட்காரவைத்து ஒரு கையை அவள் முதுகில் சுற்றினார்.

"இந்தக் கைய எடுக்கவே கூடாது" என்றார். "தட்டு பாரத்தத் தாங்கும். புள்ளையப் பிடிக்காது. பிடிக்கிறது கைதான்."

நாத்தனார் விரலில் ஒட்டியிருந்த பாலைச் சுரண்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிழையை ஒத்துக்கொண்டு நான் அதுவரை பார்த்ததில்லை. "தப்பு சாமான் மேல இல்ல" என்றார் மெதுவாக. "கூடைன்னு நெனச்சுட்டேன். கொழுந்து கொட்டுனா பொறுக்கிக்கலாம்." பிறகு தம்பியைப் பார்த்து, "டேய், கிடங்குல இருந்து எட்டு கிலோ மிளகக் கட்டிக் கொண்டாந்து இவகிட்ட குடு. பழகட்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பினார். அக்கா சொன்னால் என் கணவருக்கு மறுபேச்சு இல்லை.

அந்த ஒரு கிழமை, ஏழு நாளும், நான் ஒரு மிளகு மூட்டைக்குத் தாயாக இருந்தேன். ராத்தா தினமும் காலையில் வந்து பாடம் எடுத்தார். முதல் நாள் நைலோன் சேலைக்கு மேல் கட்டினேன். பெல்ட் வழுக்கிக்கொண்டு தொடைக்கு இறங்கியது. பருத்திக் கவுன் போட்டுக்கொண்டு, தொப்புளுக்கு நேரே இறுக்கிக் கட்டவேண்டும் என்று அப்போது தெரிந்தது. ஒட்டுப்பட்டியில் நூல் இருக்கிறதா என்று பார், ஒட்டு, கொக்கியைப் பூட்டு, டக்கென்று கேட்டதா, இழுத்துப் பார். இதை ஓதுகிற மாதிரி என்னைச் சொல்லவைத்தார். தூக்கும் வித்தையையும் சொல்லிக்கொடுத்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்காரவேண்டும், மூட்டை பக்கத்தில் கட்டிலிலேயே இருக்கும். தேறி வந்த வலது கையால் அதைத் தூக்காமல் நகர்த்தி நகர்த்தித் தட்டில் ஏற்றவேண்டும். பிறகு எழும்பவேண்டும். கைக்குப் பாரமே வராது.

மூட்டையோடு முற்றத்தைச் சுற்றுவேன், ரோட்டு வரை போய் வருவேன். மிளகுத் தூள் மூக்கில் ஏறித் தும்முவேன். போகிறவர்கள் வருகிறவர்கள், "புள்ள எப்புடி இருக்கு?" என்று மூட்டையைக் கேட்பார்கள். உண்மையான பிள்ளை ராத்தாவின் இடுப்பில் இருந்துகொண்டு என்னையும் மூட்டையையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பாள்.

நாலாம் நாள் ராத்தா வேண்டுமென்றே தீப்பெட்டியைக் கீழே போட்டு, "அத எடு புள்ள" என்றார். நானும் படக்கென்று இடுப்பை வளைத்துக் குனிந்தேன். மூட்டை என் கையைத் தாண்டிச் சரிந்து பொத்தென்று விழுந்தது.

"புள்ள போச்சு" என்றார் ராத்தா, அவ்வளவுதான்.

அது மிளகுதான், எனக்கும் தெரியும். இருந்தும் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுநாள் முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, மூட்டையை அணைத்தபடியே இறங்கித் தீப்பெட்டியை எடுத்தேன். அடுப்படிக்கு இதோடு போகக் கூடாது, பிள்ளை தூங்கிவிட்டால் தலை தொங்கும், உடனே இறக்கிப் படுக்கவை, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடுப்பை ஆறவிடு என்று மிச்சப் பாடத்தையும் சொல்லிவிட்டு, ஏழாம் நாள் ராத்தா மூட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். அந்த இடத்தில் என் மகளை வைத்தார்.

நகர்த்தினேன். அவள் தட்டில் ஏறினாள். கால் இரண்டும் தவளைக்கால் மாதிரி என் இடுப்பைச் சுற்றி விரிந்துகொண்டன. முழங்கால் அவள் பின்பக்கத்தைவிட ஒரு பிடி உயரத்தில் நிற்கிறதா என்று ராத்தா குனிந்து பார்த்தார். "சரி, எழும்பு."

எழும்பினேன். அப்போதுதான் என் இடது கையைக் கவனித்தேன். பத்து வயதிலிருந்து நீளாத, பலமில்லாத, ஒன்றுக்கும் உதவாத அந்தக் கை தானாகப் போய் அவள் முதுகைச் சுற்றியிருந்தது. தூக்கத்தான் அதற்குப் பலம் வேண்டும். அணைத்துக்கொண்டு நிற்க ஒன்றும் வேண்டாம், அது மடங்கியிருந்த அளவு அவள் முதுகுக்குச் சரியாக இருந்தது. வலது கை சும்மா இருந்தது. அதனால் அவள் கன்னத்தைத் தொட்டேன். வாசலைத் தாண்டி நடந்தேன். ராத்தா பின்னாலேயே கையை ஏந்திக்கொண்டு வந்தார், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

மகளுக்கோ இது இன்னொரு இடுப்பு, அவ்வளவே. இரண்டு நிமிஷத்தில் வேலியில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் கையை நீட்டினாள். இவள் சிரித்துக்கொண்டு அந்தப் பக்கம் தாவினாள். கை இறுக்கமாக இருந்ததால் விழவில்லை. எனக்குத்தான் எங்கேயோ விழுந்த மாதிரி இருந்தது. பழகப் பழகச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதற்குப் பிறகு விடாமல் தினமும் காலையும் மாலையும் அவளைக் கட்டிக்கொண்டு நடந்தேன். சேவலைக் காட்டினேன், ரோட்டில் போகிற லொறியைக் காட்டினேன், காயப்போட்ட ஜாதிக்காயை மோந்து பார்க்கவைத்தேன்.

மூன்று கிழமையில் கிளினிக் நாள் வந்தது. ராத்தா கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். என் கணவர் வருகிறேன் என்றார். அவருக்கு வேண்டாம் என்று சொன்ன விதத்தை இங்கே எழுதவில்லை.

பஸ்ஸில் பெல்ட்டைக் கட்டியபடியே, பிள்ளையைத் தட்டிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அலுவிகாரை நெருங்கியதும் பஸ் நின்றது. "பஹின்ன, பஹின்ன" என்று கொண்டக்டர் எல்லாரையும் இறங்கச் சொன்னான். மகளை நகர்த்தித் தட்டில் ஏற்றினேன். பட்டி, கொக்கி, ஒரு இழுப்பு. எழும்பினேன். படியில் இறங்கினேன், வலது கை கம்பியில், இடது கை அவள் முதுகில். பிறகு நடந்தேன். நெஞ்சு அடித்த அடியில் அவளே திரும்பி என் நெஞ்சைப் பார்த்தாள்.

பெண்கள் வரிசைக்கு ஒரு பொலிஸ்காரி நின்றாள். சின்ன வயது. ராத்தா சொன்னது சரிதான், அவள் கண் முதலில் பெல்ட்டுக்குத்தான் போனது. "மே மொகத?" இது என்ன என்று கேட்டாள். பிள்ளை உட்காருகிற ஆசனம் என்று சிங்களத்தில் சொன்னேன். வாத்தைப் பார்த்தாள், தட்டைத் தட்டிப் பார்த்தாள். கோபமில்லை, ஆனால் கழற்றிக் காட்டவேண்டும் என்றாள்.

கழற்றவேண்டுமென்றால் முதலில் பிள்ளையை யாராவது வாங்கவேண்டும். பின்னால் நின்றவர்கள் எல்லார் கையிலும் பை. நான் திகைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு அவளே கையை நீட்டினாள். அவள் கழுத்தில் ஒரு விசில் வேறு பளபளவென்று தொங்கியது. போச்சு என்று நினைத்துக்கொண்டேன். மகள் சிரித்துக்கொண்டு போகப்போகிறாள். இத்தனை தூரம் நடந்து வந்து, இந்த ரோட்டில் வைத்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகப்போகிறாள்.

போனாள். விசிலைப் பிடித்தாள். நான் கொக்கியைக் கழற்றிப் பெல்ட்டை மேசையில் வைத்தேன். இன்னொரு பொலிஸ்காரி வந்து ஒவ்வொரு வாத்தாக அமுக்கிப் பார்த்தாள். பிசுக்கு ஒட்டிய வாத்தில் அவள் விரல் நின்றது. மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். "வரக்கா?" என்று கேட்டாள். பழுத்த பலாதான் என்று தலையாட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது என் மகள் விசிலை விட்டாள். விட்டுவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். என் இடுப்பைப் பார்த்தாள், அதில் ஒன்றுமில்லை. உதடு கோணியது. பிறகு, ஒன்பது மாதத்தில் யார் இடுப்பிலும் ஒருநாளும் அழாத என் பிள்ளை, இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு, ரோட்டில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க வீரிட்டு அழுதாள்.

பிள்ளையை வைத்திருந்த பொலிஸ்காரி பயந்துபோனாள். தட்டினாள், ஆட்டினாள், விசிலை ஊதியும் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. "அம்மாவம ஓனே" என்றாள் என்னிடம். அம்மாவேதான் வேண்டுமாம்.

தன் கதிரையை இழுத்துப்போட்டு, சீக்கிரம் கட்டு என்று கையைக் காட்டினாள். நான் பெல்ட்டை எடுத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். ஒட்டுப்பட்டியில் நூல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒட்டினேன். கொக்கியைப் பூட்டினேன், டக்கென்று கேட்டது. என் மகள் எனக்காக அழுதுகொண்டிருந்தாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தால் போதும் என்றுதான் ராத்தா சொல்லியிருந்தார். அன்றைக்கு நான் மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.